காலனிய கால ஆங்கில நாவலைப் பிரித்துப் படிப்பது எப்படி: ஒரு திருட்டு வைரத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் சிலர் வார இறுதிகளில் ஆய்வுக் கட்டுரையோடு வருவார்கள். தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: பேரரசு விரிந்த காலத்து ஆங்கில இலக்கியம் கீழை நாடுகளை எப்படிப் பார்த்தது? கட்டுரைகளும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் பக்கத்தில் மேற்குலகம் கிழக்கைப் பார்த்த விதத்தை விமர்சித்த எட்வர்ட் சயீத், நடுவில் நாவலில் பொறுக்கிய வசவுச் சொற்கள், கடைசியில் "ஆக, ஆங்கிலேயர் நம்மை இழிவாகப் பார்த்தார்கள்" என்ற முடிவு.

இதைச் சொல்ல ஐந்நூறு பக்க நாவலைப் படிக்கவே வேண்டியதில்லை. எந்தப் பத்தாண்டில், யாருடைய வாயால், எந்த வாக்கியத்தின் எந்த இடுக்கில் அந்தப் பார்வை உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவதுதான் வேலை. பெரும்பாலும் அது வசவில் இருக்காது. கதையைக் கட்டிய விதத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

உதாரணத்துக்கு வில்கி காலின்ஸ் எழுதிய 'த மூன்ஸ்டோன்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். துப்பறியும் கதை: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளை போன வைரம் ஒன்று ஆங்கிலேய வீட்டுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. முடிவு இங்கே உடைபடும். அது பிடிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டியவை

முழுப் பதிப்பு ஒன்று. சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். போன வருஷம் ஒரு மாணவி கொண்டுவந்த பதிப்பில் தொடக்கப் பகுதியே இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைரம் கொள்ளை போகும் பகுதி அதுதான். அதை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது யார்க்‌ஷயரில் நடக்கும் வீட்டுத் திருட்டு மட்டும். குட்டன்பெர்க் தளத்தில் முழு நூலும் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு, ஒரு பென்சில். கோட்பாட்டுப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் அலமாரியிலேயே விட்டுவையுங்கள். ஏன் என்று எட்டாம் படியில் சொல்கிறேன்.

1. முதலில் மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி போதும். கதையின் வேர் எந்த ஆண்டில்? கதை நடப்பது எந்த ஆண்டில்? நூல் வெளிவந்தது எந்த ஆண்டில்? மூன்ஸ்டோனுக்கு விடை: 1799, 1848 முதல் 1850 வரை, 1868.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. "பிரிட்டிஷ் பார்வை" என்று ஒரே பார்வை இருந்ததில்லை. 1789இல் வில்லியம் ஜோன்ஸ் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது ஐரோப்பிய எழுத்தாளர்கள் சொக்கிப்போனார்கள். 1835 பிப்ரவரியில் மெக்காலே, நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டுப் புத்தகங்கள் இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்று எழுதினார். சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். இடையில் ஓடியது 46 ஆண்டுகள்தான்.

அதற்குப் பின் 1857, சிப்பாய்க் கலகம். அந்த அக்டோபரில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், தான் இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழிக்க முனைவேன் என்றார். காலின்ஸ் அவருடைய நண்பர், கூட்டாக எழுதியவர். ஆனால் 1858இல் அவர் தனியாக எழுதிய 'சிப்பாய்களுக்கு ஒரு பிரசங்கம்' என்ற சிறு கட்டுரையில் அந்த வெறி இல்லை. பத்தாண்டு கழித்து மூன்ஸ்டோன் தொடராக வந்தது டிக்கன்ஸ் நடத்திய வார இதழில்தான். ஒரே நட்பு வட்டம், இரண்டு பார்வை. ஆண்டுகளை எழுதி வைக்காவிட்டால் இது கண்ணில் படாது.

2. முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள்

இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், நேரம் வீணாகிறது என்பார்கள். ஆனால் இது துப்பறியும் நாவல். நீங்கள் ஒருமுறை ஏமாற வேண்டும்.

வைரம் காணாமல் போகும் இரவில் யாரைச் சந்தேகப்பட்டீர்கள்? வித்தை காட்ட வந்த மூன்று இந்தியர்களையா? அப்படியென்றால் நாவல் உங்களை அந்த இடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறது. எப்படிக் கூட்டிப்போனது என்பதுதான் இரண்டாம் வாசிப்பின் கேள்வி. முதல் வாசிப்பிலேயே அடிக்கோடு போட ஆரம்பித்தால் அந்தச் சந்தேகம் உங்களுக்குள் எழுந்த கணம் தெரியாமலே போய்விடும்.

முதல் வாசிப்பு முடிந்ததும் யாரை, எந்தப் பக்கத்தில் சந்தேகப்பட்டேன் என்று நேர்மையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் கட்டுரையின் சிறந்த பத்தி இதிலிருந்து வரலாம்.

3. யார் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள்

இரண்டாம் வாசிப்பை எண்ணிக்கையில் தொடங்குங்கள். மூன்ஸ்டோன் சாட்சிகளின் வாக்குமூலங்களாகக் கட்டப்பட்ட நாவல். வீட்டுக் காரியஸ்தர், பக்திப் பைத்தியம் பிடித்த உறவுக்காரப் பெண், வக்கீல், கதாநாயகன், டாக்டரின் உதவியாளர், போலீஸ் சார்ஜென்ட் என்று பத்துப் பேருக்கு மேல் ஆளுக்கொரு பகுதி எழுதுகிறார்கள். ஒரு கப்பல் கேப்டனுக்குக்கூட ஒரு வாக்குமூலம் உண்டு.

வித்தைக்காரர் வேடத்தில் வைரத்தைத் தேடிக் கடல் கடந்து வந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அதைத் திரும்ப எடுத்துப்போகும் மூன்று பிராமணர்களுக்கு ஒரு பக்கமும் கிடையாது. கதை முழுக்க அவர்கள் செயல்படுகிறார்கள், யாராவது பார்த்துச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. ஐந்நூறு பக்கத்தில் அவர்களைப் பற்றிய வசவுகளை எண்ணினாலும் இந்த ஒரு மௌனத்தின் எடை வராது.

அதற்காக "இந்தியர்களுக்குக் குரலே இல்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்களின் தலைவர் வக்கீல் புரஃபின் அலுவலகத்துக்கு வரும் காட்சியை மறுபடி படியுங்கள். சுத்தமான ஆங்கிலத்தில், அளந்து பேசுகிறார். கடன் வாங்கினால் வழக்கமாக எவ்வளவு காலத்தில் திருப்ப வேண்டும் என்று கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு வருஷம் என்று பதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அடகில் இருக்கும் வைரம் எப்போது வெளியே வரும் என்ற கணக்கு முடிந்தது!

அவர் போன பிறகு வக்கீல் நினைத்துக்கொள்வது வேடிக்கை. இந்த மனிதர் என் உயிரை மதிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என் அனுபவத்தில் என் சொந்த நாட்டவர் யாரும் செய்யாததைச் செய்தார், என் நேரத்தை மதித்தார் என்கிறார். ஒரே வாக்கியத்தில் மரியாதையும் இருக்கிறது, கொலைகாரன் என்ற பயமும் இருக்கிறது, தன் ஊர்க்காரர்கள் மீது குத்தலும் இருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.

4. கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நாவலின் மிக நீளமான பகுதியைச் சொல்பவர் கேப்ரியல் பெட்டரெட்ஜ், வீட்டுக் காரியஸ்தர். ராபின்சன் குரூசோவை வேதப் புத்தகம்போல் புரட்டி அதில் குறி பார்ப்பவர். அமைதியான தங்கள் ஆங்கிலேய வீட்டுக்குள் ஒரு பிசாசு பிடித்த இந்திய வைரம் படையெடுத்து வந்துவிட்டதே என்று புலம்புவது அவர்தான். இந்த வரியை "காலின்ஸ் கூறுகிறார்" என்று எழுதிய கட்டுரைகள் என் கையில் எத்தனையோ வந்துவிட்டன.

படையெடுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். நாவலின் முதல் பக்கங்களில் நிஜமான படையெடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வாசகர் இங்கே வருகிறார். கோட்டைக்குள் புகுந்தது ஆங்கிலேயப் படை. ஜான் ஹெர்ன்காஸில் என்ற அதிகாரி காவலர்களைக் கொன்று வைரத்தை எடுத்தார். இப்போது அவருடைய சகோதரி வீட்டு வேலைக்காரர் வைரம் தங்கள்மேல் படையெடுத்தது என்கிறார். பெட்டரெட்ஜுக்கு இந்த முரண் தெரியாது. அதை அங்கே வைத்த ஆசிரியருக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஒரு வாக்கியம். வித்தைக்காரர்களை முதலில் பார்க்கும்போது பெட்டரெட்ஜ் சொல்வதன் சாரம் இது: நான் சிடுமூஞ்சிக் கிழவன் இல்லை, என்னைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறான் என்பதற்காக ஒருவனைச் சந்தேகப்படுகிற ஆளும் இல்லை, ஆனால் யாருக்கும் ஒரு பலவீனம் உண்டே, வீட்டு வெள்ளிப் பாத்திரக் கூடை வெளியே இருக்கும்போது என்னைவிட நாகரிகமாகப் பழகும் வழிப்போக்கனைக் கண்டால் எனக்கு உடனே அந்தக் கூடை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நம் ஊரில் "நான் அப்படியெல்லாம் பார்க்கிறவன் இல்லை, ஆனால்..." என்று ஆரம்பிப்பவர்களைத் தெரியும்தானே? அந்த "ஆனால்" தான். இதில் வசவு ஒன்றும் இல்லை, சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் சந்தேகம் வாசகர் மனதில் ஏறிவிடுகிறது. இரண்டாம் படியில் எழுதி வைத்த பக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. ஆட்களை விட்டுவிட்டுப் பொருட்களின் பின்னால் போங்கள்

இந்தக் கால நாவல்களில் கிழக்கு பெரும்பாலும் மனிதராக வராது, பொருளாக வரும். வைரம், சால்வை, தேயிலை, அபின். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள். ஆட்களைப் பற்றிப் பேசும்போது கதைசொல்லிகள் எச்சரிக்கையாக இருப்பார்கள். பொருளைப் பற்றிப் பேசும்போது வாய் நழுவும்.

வைரத்தின் பாதை: சோமநாதபுரம், காசி, ஔரங்கசீப்பின் அதிகாரி, திப்பு, ஹெர்ன்காஸில், அவருடைய உயில், சகோதரி மகளின் பதினெட்டாவது பிறந்தநாள் பரிசு. கடைசி மூன்று கைமாற்றங்களைப் பாருங்கள். கொள்ளை, உயில், பரிசு. திருட்டுப் பொருள் சட்டப்படியான சொத்தாகிப் பிறகு அன்பளிப்பாவது மூன்றே படியில் முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அபினைத் தவறவிடாதீர்கள். வைரத்தை அன்று இரவு அலமாரியிலிருந்து எடுத்தது கதாநாயகன் ஃப்ராங்க்ளின் பிளேக்தான்; டாக்டர் ரகசியமாகக் கொடுத்த அபின் மயக்கத்தில், தனக்கே தெரியாமல். அவரிடமிருந்து வாங்கி அடகு வைத்தவர் தர்மசபைகளில் உருகிப் பேசும் காட்ஃப்ரே ஏபிள்வைட். பீகாரிலும் காசிப் பகுதியிலும் அரசின் ஏகபோகத்தில் விளைந்து சீனாவுக்குப் போன சரக்கு அபின். அதற்காகப் பிரிட்டன் சீனாவோடு நடத்திய இரண்டாவது போர் முடிந்தது 1860இல். காலின்ஸே வாத வலிக்காக அபின் கலந்த லாடனம் குடித்துக்கொண்டுதான் இதை எழுதினார். வெளியிலிருந்து வந்த திருடனைத் தேடும் வீட்டுக்குள், பேரரசின் சரக்கு வீட்டுப் பிள்ளையையே திருடனாக்கியிருக்கிறது.

6. வரலாற்றோடு உரசிப் பாருங்கள்

எது நிஜம், எது கற்பனை என்று இரண்டு பத்தி போட்டுப் பிரியுங்கள். கோட்டை வீழ்ந்தது 1799 மே 4, திப்பு இறந்தது நிஜம், சூறையாடல் நிஜம், நாவலில் வரும் ஜெனரல் பேர்ட் நிஜ மனிதர். சந்திரக் கடவுளின் நெற்றி வைரம் கற்பனை. ஆனால் காலின்ஸ் தன் முன்னுரையில் இரண்டு நிஜ வைரங்களைக் குறிப்பிடுகிறார்: கோஹினூர், ரஷ்யச் செங்கோலில் இருக்கும் வைரம். கோஹினூர் 1849இல் லாகூர் உடன்படிக்கையின்படி பறிக்கப்பட்டு, 1850இல் விக்டோரியா கைக்குப் போனது. கதை நடக்கும் அதே ஆண்டுகள்! 1868இல் படித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழி உண்டு. செரிங்கபட்டம் என்று நாவலில் வருவதைச் சிலர் நம் ஸ்ரீரங்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அது மைசூர் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணம். இரண்டு ஊரிலும் பள்ளிகொண்டிருப்பவர் ரங்கநாதர் என்பதால் பெயர்க் குழப்பம். ஆனால் ஸ்ரீரங்கத்துக்கும் இந்த நாவலோடு ஒரு நூல் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ரஷ்யச் செங்கோலின் ஓர்லோவ் வைரம் ஸ்ரீரங்கம் கோயில் விக்கிரகத்தின் கண்ணாக இருந்தது, ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடினான் என்று ஒரு பழங்கதை உலவுகிறது. பழங்கதை என்றே எழுதுங்கள், வரலாறு என்று எழுதாதீர்கள்.

இன்னொரு சோதனை: "கிழக்கு" எல்லாம் ஒரே மூட்டையாகிறதா? இந்தியர்கள் ஓர் ஆங்கிலேயச் சிறுவனின் உள்ளங்கையில் மை ஊற்றி வருங்காலம் கேட்கிறார்கள். கிட்டத்தட்ட இதே மை வித்தையை எட்வர்ட் லேன் 1836இல் எகிப்தியர்களைப் பற்றிய தன் நூலில் விவரித்திருக்கிறார், கெய்ரோவில் பார்த்ததாக. ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி 1821இல் எழுதிய அபின் நினைவுகளில் இது இன்னும் அப்பட்டம். வீட்டு வாசலில் வந்து நின்ற மலாய்க்காரரிடம் ஹோமரின் கிரேக்க வரிகளைச் சொல்கிறார். காரணம், தனக்குத் தெரிந்த மொழிகளில் தீர்க்கரேகைப்படி கிழக்குக்கு நெருக்கமானது கிரேக்கம்தானாம்.

7. பக்கத்தில் இன்னொரு நூலை வையுங்கள்

ஒரே நூலை வைத்து "விக்டோரியப் பார்வை" என்று பேச முடியாது. 22 ஆண்டு கழித்து, 1890இல் வந்த கோனன் டாயிலின் 'த சைன் ஆஃப் ஃபோர்' நல்ல ஜோடி. அங்கேயும் கொள்ளைப் பொருள், அங்கேயும் அது இங்கிலாந்து வீட்டுக்குள் வருகிறது.

வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்ஸ்டோனில் வைரம் கோயிலுக்குத் திரும்புகிறது. இதில் ஆக்ரா புதையல் தேம்ஸ் நதியில் கொட்டப்படுகிறது. உரியவர்களிடம் திருப்பித் தருவது என்ற பேச்சே எழவில்லை. அந்தமானிலிருந்து வந்த டோங்காவை ஹோம்ஸ் ஒரு புவியியல் அகராதியைப் பார்த்து நரமாமிசம் தின்னும் இனம் என்று விவரிக்கிறார். அந்தமானில் பணியாற்றிய ஈ. எச். மேன் என்ற அதிகாரி அதை மறுத்து 1880களிலேயே எழுதியிருந்தார். சீக்கிய வீரர்கள் என்று அறிமுகமாகும் இருவரின் பெயர்கள் மகமத் சிங், அப்துல்லா கான். அப்படிப் பெயர் வைத்ததைச் சிறு பிழை என்று தள்ளிவிட வேண்டாம். வாசகர்களுக்கு வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. புதுச்சேரிகூட அந்தக் கதையில் லண்டன் பங்களா ஒன்றின் பெயர்தான்: பாண்டிச்சேரி லாட்ஜ்.

நேரம் இருந்தால் கிப்ளிங்கின் 'கிம்' (1901) நாவலில் பழைய ரிசால்தார் (குதிரைப்படையின் இந்திய அதிகாரி) வரும் இடத்தை மட்டும் படியுங்கள். 1857 பற்றி அவர் சொல்வது, படையையே ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது என்று. அங்கே இந்தியருக்குப் பேச இடம் கொடுத்தாகிவிட்டது. பேசுவது ஆங்கிலேயரின் விளக்கத்தை. மூன்றாம் படியில் எண்ணிக்கை மட்டும் போதாது என்றது இதனால்தான்.

8. இப்போது சயீத்தை எடுங்கள்

சயீத்தின் 'ஓரியன்டலிசம்' 1978இல் வந்தது. அதன் கவனம் பெரும்பாலும் அரபு, இஸ்லாமிய உலகம் மீது. இந்தியாவைப் பற்றிய ஆங்கில நாவல்களுக்கு 1993இல் வந்த 'கலாச்சாரமும் ஏகாதிபத்தியமும்' அதிகம் உதவும்; கிம் பற்றிய நீண்ட பகுதி அதில் இருக்கிறது.

கோட்பாட்டை முதலிலேயே படித்தால் நாவல் அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். எட்டாவதாகப் படித்தால் உங்கள் நோட்டில் ஏற்கெனவே விஷயம் இருக்கும், கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று கேட்க முடியும்.

9. உங்கள் வாதத்துக்கு எதிரான பக்கத்தைத் தேடுங்கள்

மூன்ஸ்டோன் பேரரசை எதிர்க்கும் நாவல் என்று எழுதப்போகிறீர்களா? அப்படியானால் சோமநாதபுரக் கடைசிக் காட்சிக்கு யார் சாட்சி என்று பாருங்கள். மர்த்வைட் என்ற ஆங்கிலேயப் பயணி, இந்து வேடத்தில். வைரம் திரும்பியதையும் அவர் வழியாகத்தான் பார்க்கிறோம். பேரரசை ஆதரிக்கும் நாவல் என்று எழுதப்போகிறீர்களா? அப்படியானால் டாக்டரின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸை என்ன செய்வீர்கள்? காலனியில் பிறந்த கலப்பினத்தவர், ஊரே வெறுக்கிறது, மர்மத்தை அவிழ்ப்பது அவர்தான்.

என் கணக்கில் காலின்ஸ் கொள்ளையை எதிர்த்தார், ஆட்சியை எதிர்க்கவில்லை. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தைச் சொல்லாத கட்டுரை வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே சரியும்.

10. தமிழில் எழுதும்போது சொற்களைக் கழுவாதீர்கள்

மேற்கோளை மொழிபெயர்க்கும்போது பலர் மரியாதை கருதிச் சொற்களை மென்மையாக்கிவிடுகிறார்கள். இழிவாகச் சொன்ன இடத்தில் "உள்ளூர் மக்கள்" என்று போட்டால் ஆராய வேண்டிய விஷயமே காணாமல் போகும்.

நேட்டிவ் என்ற சொல்தான் அதிகம் படுத்தும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் அதற்குச் சுதேசி என்ற சொல் இருந்தது. ஆனால் வ.உ.சி.யின் கப்பலுக்குப் பிறகு சுதேசி என்றால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. கோனன் டாயில் பாத்திரத்தின் வாயில் அதை வைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். கூலி என்ற சொல்லும் அப்படித்தான். நமக்கு அது உழைப்புக்கான பணம். ஆங்கில நாவலில் அது ஆளின் பெயர். இந்த மாதிரி இடங்களில் நேட்டிவ், கூலி என்று அப்படியே ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு, முதல் முறை வரும் இடத்தில் அடிக்குறிப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் அது நீள வேண்டாம்.